ஐந்தாம் அட்டையில் இருந்த சட்டம்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து, மையில் விழுந்த எறும்பு காகிதத்தில் நடந்துபோன மாதிரி இருக்கும். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்று இன்றைக்கும் பேனாவை நிறுத்தி யோசிப்பேன். யோசித்தும் தப்பாகத்தான் போடுவேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அக்கா மகன். போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது அவன் கம்ப்யூட்டரில் ராணுவ விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தான். முகம் தெரியாத முப்பது நாற்பது பேர் எங்கெங்கோ உட்கார்ந்துகொண்டு ஒரே பட்டாளமாகச் சேர்ந்து ஆடுவதாம். புதிதாகச் சேர்கிறவன் முதலில் சட்டதிட்டங்களைப் படித்து ஒப்புக்கொள்ள வேண்டுமாம். எனக்குப் படித்துக் காட்டினான். மேலதிகாரியை சார் என்றுதான் கூப்பிட வேண்டும். புதியவன் கேட்காமல் பேசக்கூடாது. செத்தவன் உடனே எழுந்து அதே இடத்துக்கு ஓடி வரக்கூடாது; தன்னைச் சுட்டது யார் என்பதையும் மறந்துவிட வேண்டும். அவன் படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இன்னா மாமா சிரிக்கிறீங்க?" என்று கேட்டான். எதிரில் ஆள் இருந்தால் எனக்குக் கோர்வையாகப் பேச வராது. "ஒண்ணுமில்லடா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்குச் சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அக்காவுக்குப் பதின்மூன்று. பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவுத் தெருவில் குடியிருந்தோம். அக்கா எட்டாம் வகுப்புக்குப் போன வருஷம் அவள் பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமை காலையில் பரேடு வைத்தார்கள். காக்கி உடுப்பு, தொப்பி, காலுக்கு ஒரு அளவு பெரிதான பூட்ஸ். முதல் பரேடு முடிந்து வந்த அன்றைக்கே வீட்டில் இருந்த எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்தாள். சாவ்தான் என்றால் விறைத்து நிற்க வேண்டும், விஷ்ராம் என்றால் தளர வேண்டும். அம்மா அரிசி களைந்துகொண்டே சாவ்தானில் நின்றாள். அப்பா தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருந்ததால் அவருக்கு மட்டும் விலக்கு கிடைத்தது.

இரண்டு வாரத்தில் வீடு அவளுக்குப் போதவில்லை. தெருவைப் பிடித்தாள்.

தெருக்கோடியில் யாரோ கட்டத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்ட வீடு ஒன்று இருந்தது. சுவர்கள் முழங்கால் உயரத்தோடு நின்றுவிட்டன. அதுதான் எங்கள் கோட்டை. பிள்ளைகள் பன்னிரண்டு பேர் முதல் நாளே சேர்ந்தார்கள். அக்கா மேஜர். ஆட்டம் நடக்கும்போது இரண்டு கட்சியாகப் பிரிந்துகொள்வோம். ஒரு கட்சி கோட்டைக்குள் நட்டிருக்கும் சிவப்புத் துணிக்கொடியைக் காக்க வேண்டும், இன்னொரு கட்சி அதைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வர வேண்டும். மேஜர் எந்தக் கட்சியிலும் சேராமல் உயரமான மூலைச்சுவரில் உட்கார்ந்து பார்ப்பாள். துப்பாக்கி என்பது மூங்கில் குச்சி. சுடுகிறவன் குறிபார்த்து "டுமீல்" என்று கத்த வேண்டும்.

இந்த இடத்தில்தான் எனக்குச் சிக்கல் வந்தது. எனக்குக் கத்த வராது. குறி நன்றாகப் பார்ப்பேன். வாய்தான் திறக்காது. நான் சுட்டவர்கள் தாங்கள் சுடப்பட்டதே தெரியாமல் தங்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். "இவன நம்ம கட்சில போடாதீங்க சார், ஒரு ஈ கூட சாவாது" என்று ஹவில்தார் சொல்லிவிட்டான். ஹவில்தார் என்பது முன்பல் இரண்டும் விழுந்த எங்கள் எதிர்வீட்டுப் பையன். அன்றைக்கு நான் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

மறுநாள் அக்கா எனக்கு ஒரு பதவி கொடுத்தாள். போலீஸ் ஸ்டேஷனில் இருப்பதுபோல ரைட்டர். புதிதாகச் சேர்பவனுக்குச் சட்டதிட்டங்களைப் படித்துக் காட்டிப் பதிவு செய்வது என் வேலை.

சட்டங்களை அக்காவே எழுதியிருந்தாள். அப்பாவின் தறியில் டிசைன் மாறியபோது கழித்துப் போட்ட ஜக்கார்டு அட்டைகள் நிறைய கிடந்தன. ஓட்டை ஓட்டையாகக் குத்தியிருக்கும் நீள அட்டைகள். ஓட்டைகளுக்கு நடுவே இருக்கும் இடத்தில் பொடி எழுத்தில் அட்டைக்கு ஒரு சட்டமாகப் பதினொன்று எழுதி, ஓரத்தில் நூல் கோத்து என்னிடம் கொடுத்தாள். ஒரு தரம் முழுவதும் படித்துக் காட்டினாள். "புரியுதாடா?" என்றாள். தலையாட்டினேன்.

எனக்குப் படிக்க வராது என்று அப்போது நான் யாரிடமும் சொன்னதில்லை. மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். எழுத்துகளைத் தனித்தனியாகத் தெரியும், இரண்டு மூன்று சேர்ந்தால் கைவிட்டு ஓடிவிடும். ஆனால் கேட்டது மனதில் நிற்கும். அட்டைகளை ஓட்டைகளை வைத்து அடையாளம் வைத்துக்கொண்டேன். இடது ஓரத்தில் மூன்று ஓட்டை சேர்ந்திருந்தால் ஒன்று. நடுவில் வெறுமையாக இருந்தால் இரண்டு. இப்படிப் பதினொன்றும். விரலை எழுத்தின்மேல் ஓட்டிக்கொண்டே மனதில் இருப்பதைச் சொல்வேன். அதிசயம் என்னவென்றால், கையில் அட்டை இருந்தால் என் குரல் கோயில் மேளம் மாதிரி எழும்பியது. கொஞ்ச நாளில், படிப்பது என்றால் இதுதான் என்று நானே நம்பிவிட்டேன்.

புதிதாகச் சேர்பவன் ஏழு நாள் ரெக்ரூட், அவனுக்குத் துப்பாக்கி கிடையாது என்பது முதல் அட்டை. கோட்டைக்குள் முறை சொல்லிக் கூப்பிடக்கூடாது என்பது இரண்டு. தெரு முழுக்க ஒருவருக்கொருவர் உறவு என்பதால் இது முக்கியமான சட்டம். என்னைவிட ஒரு வயது சின்னவரான சித்தப்பா ஒருவர் எங்கள் பட்டாளத்தில் இருந்தார். சண்டையில் அவரைச் சுட்டால் மரியாதைக் குறைவு என்று வீட்டில் போய்ச் சொல்லிவிடுவார். கேட்காமல் ரெக்ரூட் வாய் திறக்கக்கூடாது என்பது மூன்று. தறிக்கு ஏற்றும் பாவு நூலைத் தெருவில் நீட்டியிருக்கும்போது சண்டை நிறுத்தம், பாவைத் தாண்டுபவன் மேஜரே ஆனாலும் நீக்கப்படுவான் என்பது நான்கு.

ஐந்தாவது, செத்தவனுக்கான சட்டம். சுடப்பட்டவன் விழுந்து நூறு எண்ணும்வரை எழக்கூடாது என்று அக்கா எழுதியிருந்தாள்.

முதல் ரெக்ரூட்டுக்குப் படித்த அன்று, நான்கு அட்டை தடையில்லாமல் போயிற்று. ஐந்தாவதைப் புரட்டியதும் மனதில் ஒன்றும் இல்லை. விரல் நகர்கிறது, வாய் நிற்கிறது. எதிரில் பன்னிரண்டு பேர். அந்த நேரம் பார்த்து, கோட்டையை ஒட்டியிருந்த பின்வீட்டு மாமாவின் தறி சட்டென்று நின்றது. நாடாவுக்குள் இருக்கும் தார், அதாவது ஊடை நூல் சுற்றிய குழல், தீர்ந்திருக்கும். புதுத் தார் போட்டு மறுபடி அடிக்கத் தொடங்கினார். என் வாயும் தொடங்கியது. "சுடப்பட்டவன், பின்வீட்டு மாமாவின் தறி நின்று மறுபடி ஓடும்வரை எழுந்திருக்கக் கூடாது" என்று படித்தேன்.

எல்லோருக்கும் பிடித்துவிட்டது. தறிச்சத்தத்திலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள், எப்போது நிற்கும் என்று காதுக்குத் தெரியும். செத்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு மாமாவின் தறியைக் கேட்டபடி கிடப்பார்கள். நின்று ஓடியதும் கோட்டை முழுவதும் பிணங்கள் எழுந்து ஓடும். ஹவில்தார் ஒருமுறை செத்துக் கிடந்தபடியே, "மாமா, டீ வந்துக்கினு இருக்குது" என்று குரல் கொடுத்துத் தறியை நிறுத்தப் பார்த்தான். அவனுக்கு ஐம்பது தோப்புக்கரணம். அமாவாசையன்று தெருவில் தறி ஓடாது. அன்றைக்குச் செத்தவன் எழவே முடியாது என்பதால் சண்டைக்கு விடுமுறை விட்டோம். அடுத்தடுத்து வந்த ரெக்ரூட்டுகளுக்குப் படிக்கும்போது, "எறும்பு கடித்தாலும் கூடாது" என்று ஒரு வரியும் எப்படியோ வந்து ஒட்டிக்கொண்டது.

பதினேழாவதாகச் சேர்ந்த பையன் எங்கள் ஆள் இல்லை. அவன் அப்பாவுக்கு ஏதோ ஆபீசில் வேலை, திருச்சிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து எங்கள் தெருவில் மாடி வீட்டுக்குக் குடிவந்தார்கள். கண்ணாடி போட்டவன், இங்கிலீஷ் மீடியம். நான் சட்டம் படித்தபோது மற்றவர்கள் மாதிரி எதிரில் நிற்காமல் என் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்று அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் எட்டிப் பார்க்கக் கூடாது என்று சட்டத்தில் இல்லை. ரைட்டரைத் தவிர யாரும் அட்டையைத் தொடக்கூடாது என்றுதான் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் ஹவில்தார் கட்சி கொடியைக் காத்தது. பதினேழு என்றே நாங்கள் கூப்பிட்ட அந்தப் புதுப்பையன் எதிர்க்கட்சி. ரெக்ரூட் என்பதால் கையில் குச்சி இல்லாமல் ஓடி வந்தான். கொடிக்கு மூன்று அடி தூரத்தில் ஹவில்தார் அவனைச் சுட்டான். மறுக்காமல் விழுந்தான். செத்தவனை யார் கவனிப்பார்கள், எல்லோரும் வேறு பக்கம் போய்விட்டார்கள். பின்வீட்டில் தறி அடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் திரும்பிப் பார்த்தால், பிணம் எழுந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கொடியைப் பிடுங்கித் தோளில் சாய்த்தபடி வெளியே நடந்து போகிறது.

ஹவில்தார் ஓடிப்போய் மறித்தான். "டேய், செத்தவன் எங்கடா போற? மாமா தறி இன்னும் நிக்கவே இல்ல. காதுல வுழலயா?"

"நூறு எண்ணிட்டேன்."

"நூறா? எந்த ஊர் சட்டம்டா அது?"

"உங்க சட்டம்தான். அஞ்சாவது அட்டையில எழுதியிருக்கு. நான் சேர்ந்த அன்னிக்கே பார்த்தேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பதினேழும் என்னைப் பார்த்தான். கெட்ட எண்ணத்தோடு அல்ல, கணக்கில் தப்பைக் காட்டுகிற மாதிரிதான் சொன்னான். "இவன் விரல் கடைசிக்கு வந்துடுச்சு, வாய் மட்டும் போயிட்டே இருந்துச்சு. அட்டையில இருக்கறத இவன் படிக்கல."

"ரைட்டரு, இன்னாடா சொல்றான் இவன்?" என்றான் ஹவில்தார். "எடுத்துப் படிச்சுக் காட்டுடா அவனுக்கு. மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு போவட்டும்."

எடுத்தேன். விரலை வைத்தேன். வந்த ரெக்ரூட்டுக்கெல்லாம் படித்த அட்டை, அன்றைக்கு வாய் எழவில்லை. இத்தனை நாள் நான் செய்தது படிப்பே இல்லையோ என்று அப்போதுதான் முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது. பதவி போய்விடும். அது போனால் எனக்கு அந்தப் பட்டாளத்தில் வேறு இடமும் இல்லை. டுமீல் என்று கத்த வராதவனை எந்தக் கட்சி எடுக்கும்? நாளைக்குத் தெருவுக்கே தெரிந்துவிடும், திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்துவிடும். எழுத்துகள் ஓட்டைகளுக்கு நடுவே நெளிந்தன.

மேஜர் மூலைச்சுவரிலிருந்து குதித்து வந்தாள். "அட்டையக் குடு" என்றாள்.

கொடுத்தேன். அட்டையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மறுபடி அட்டையைப் பார்த்தாள். பிறகு பரேடு குரலில் படித்தாள்.

"அஞ்சு. சுடப்பட்டவன், பின்வீட்டு மாமாவின் தறி நின்று மறுபடி ஓடும்வரை எழுந்திருக்கக் கூடாது. எறும்பு கடித்தாலும் கூடாது."

நான் படிக்கிற அதே சொற்கள். நான் நிறுத்தும் இடத்தில் நிறுத்தி, நான் இழுக்கும் இடத்தில் இழுத்து.

பதினேழுக்கு வாய் திறந்தபடி நின்றது. "சார், எறும்புன்னே அதுல இல்ல சார்" என்றான்.

"கேக்காம ரெக்ரூட் வாயத் திறக்கலாமா? ரைட்டர், எத்தினியாவது சட்டம் அது?"

"மூணு, சார்" என்றேன். என் குரல் திரும்பி வந்திருந்தது. பின்வீட்டு மாமாவுக்கே கேட்டிருக்கும்.

"அட்டையக் காட்டுங்க சார், நாங்களும் பாக்கறோம்" என்று சித்தப்பா முன்னால் வந்தார். அக்கா அட்டையைப் பாவாடை இடுப்பில் செருகிக்கொண்டாள். "ரைட்டரத் தவிர எவன் தொட்டாலும் அம்பது தோப்புக்கரணம். வேணுமா சித்தப்பா?" முறை சொல்லிக் கூப்பிட்டுவிட்டாள் என்று அவர் புகார் சொல்லத் தொடங்கினார். அந்தப் பஞ்சாயத்தில் அட்டை விஷயம் அடங்கிப்போயிற்று.

கொடி திரும்பவும் நடப்பட்டது. பதினேழு போய் முன்பு விழுந்த இடத்திலேயே படுத்துக்கொண்டான். தறி நின்றது, ஓடியது, எழுந்தான். முகம் சுண்டிப் போயிருந்தது. நாளைக்கு வரமாட்டான் என்று நினைத்தேன். சந்தோஷமாகத்தான் நினைத்தேன்.

ஆனால் ஆட்டம் கலையும் நேரத்தில் அக்கா எல்லோரையும் சாவ்தானில் நிற்க வைத்து அவனை முன்னால் கூப்பிட்டாள். "இவன் செத்து விழுந்த எடத்துல கொஞ்சம்கூட அசையாம நூறு வரைக்கும் வுடாம எண்ணியிருக்கான். உங்கள்ல எவனாவது எண்ணுவீங்களாடா? எழுபதுக்கு மேல தூங்கிடுவீங்க. பட்டாளத்துக்கு எண்றதுக்கு ஆள் வேணும். ஏழு நாள் வேணாம், இன்னியிலருந்தே இவன் லான்ஸ் நாயக்."

பதினேழு சல்யூட் அடித்தபோது கண்ணாடி நழுவி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதைத் தள்ளிக்கூட விடாமல் அப்படியே சிரித்துக்கொண்டு நின்றான். எனக்குத்தான் நெஞ்சு எரிந்தது. பொய் சொன்னவனுக்குப் பதவி உயர்வா?

வீட்டுக்குப் போகும் வழியில் கேட்டேவிட்டேன். "சார், படிக்கத் தெரியாதவனுக்கு எதுக்கு சார் பதவி?"

அக்கா நடந்துகொண்டிருந்தவள் நின்றாள். பூட்ஸ் கயிறு அவிழ்ந்துவிட்டதுபோல குனிந்து எதையோ செய்தாள். பூட்ஸ் கயிறு அவிழ்ந்திருக்கவில்லை. முதுகு குலுங்கியது. நிமிர்ந்தபோது முகம் சாதாரணமாக இருந்தது.

"பாவம்டா, இங்கிலீஷ் மீடியம். தமிழ் அவ்ளோதான் வரும் அவனுக்கு. நீ அவன எதுவும் கேக்காத."

அதைக் கேட்டதும் என் கோபம் போய்விட்டது. அவனுக்காக வருத்தமாகக்கூட இருந்தது. கண்ணாடி போட்டும் படிக்க வராமல் என்ன கஷ்டப்படுகிறானோ என்று நினைத்துக்கொண்டேன். என்னைப் பற்றி எனக்கிருந்த சந்தேகமும் தீர்ந்தது. நான் படித்தது சரி. அட்டையை எழுதிய மேஜரே அப்படித்தான் படித்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நான் எழுந்து பல் விளக்கிவிட்டு வந்தபோது அக்கா பதினொரு புது அட்டைகளைத் துடைத்து அடுக்கி, பால்பாயிண்ட் பேனாவோடு உட்கார்ந்திருந்தாள். பழைய அட்டைகளைக் காணவில்லை. அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"பழசுல மை மங்கிப்போச்சுடா. புதுசா எழுதணும். நீ சொல்லு, நான் எழுதறேன்."

"நீயே எழுதினதுதான, உனக்குத் தெரியாதா?"

"எத்தன நாள் ஆச்சு. மறந்துபோச்சு. சொல்லுடா."

பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் தலையைத் தூக்காமல் எழுதினாள். ஐந்தாவதில், எறும்பை விட்டுவிடப் போகிறாளே என்று இரண்டு தரம் நினைவுபடுத்தினேன். ஏழாவதில் பேனா நின்றது.

"காயம்பட்டவனுக்கு இன்னா குடுக்கணும்?"

"முறுக்கு. அதிகாரி தன் பையிலிருந்து ஒரு முறுக்கு கொடுக்க வேண்டும்."

"முறுக்கா? தோள்ல தூக்கிக்கினு வரணும்னு இல்ல?"

"இல்லக்கா. முறுக்குதான். நீதான எழுதின."

"ஆமா ஆமா. முறுக்குதான்" என்று உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதினாள். ஒன்பதாவதில் வீட்டில் மூன்று தரம் கூப்பிட்டால்தான் போகலாம் என்பதையும் அவள் மறந்திருந்தாள். பத்தாவது அவளுக்குச் சுத்தமாகவே ஞாபகம் இல்லை. நான் சலித்துக்கொள்ளாமல் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தேன். எழுதி முடித்து மை காய ஊதிவிட்டு, நூல் கோத்து, அட்டைகளை என் கையில் கொடுத்தாள். ஓட்டைகள் வேறு மாதிரி இருந்தன. சாயங்காலத்துக்குள் புதிதாக அடையாளம் வைத்துக்கொண்டேன்.

எட்டாம் வகுப்பு படிக்கிறவள், பரேடுக்குப் போகிறவள், தன் கையால் எழுதிய சட்டத்தையே மறந்துவிட்டாள் என்பது எனக்குக் கவலையாக இருந்தது. அன்றைக்கு வீட்டில் வெண்டைக்காய்ப் பொரியல். வெண்டைக்காய் மூளைக்கு நல்லது, ஞாபகம் நிற்கும் என்று அம்மா சொல்வாள். அக்காவுக்கு அந்தக் கொழகொழப்பே ஆகாது, வைத்தால் தட்டையே நகர்த்திவிடுவாள். நான் அடுப்படிக்குப் போய் அம்மாவின் காதில் சொன்னேன், அக்காவுக்கு மறதி வந்துவிட்டது, இன்றைக்கு அவளுக்கு நிறைய வை என்று. அம்மா என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இரண்டு கரண்டி வைத்தாள்.

"இன்னாத்துக்கு இவ்ளோ?" என்றாள் அக்கா.

"உன் தம்பிதான் சொன்னான். உனக்கு ஞாபகம் நிக்கலியாமே" என்றாள் அம்மா.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டி, சாப்பிடு என்று ஜாடை காட்டினேன். ஒரு துண்டு மிச்சம் வைக்காமல், முழுவதையும் சாப்பிட்டாள். பாவம், குணமாக வேண்டும் என்று அவளுக்கே தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, என் தட்டில் இருந்ததையும் எடுத்து அவளுக்கு வைத்தேன்.

எழுதி முடித்தது: ஐப்பசி பதினான்கு, வெள்ளிக்கிழமை.